பழவேற்காடு யுனைடெட்

பழவேற்காடு படகுத்துறைப் பக்கம் ஒரு டீக்கடை. காலை மீன் ஏலம் முடிந்துவிட்டது. நாலு பேர் வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டே சி.எஸ்.கே.யைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அடுத்த வருசம் பாருண்ணா, கப்பு நம்மளுது!" என்கிறார் ஒரு தம்பி. 2025 ஐ.பி.எல்.லில் 14 மேட்ச் ஆடி, நாலே நாலு ஜெயித்து, பத்து டீமில் பத்தாவதாக வந்த டீமைப் பற்றித்தான் இந்த ஆரூடம். நல்லவேளை, பதினோராவதாக ஒரு டீம் இல்லை!

ஐ.பி.எல்.லில் ஒரு சவுகரியம் உண்டு. கடைசியில் வந்தாலும் யாரும் கீழே தள்ள மாட்டார்கள். அயர்லாந்துக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே கேலிக் ஃபுட்பால் என்று ஓர் ஆட்டம். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையிலும் தூக்கிக்கொண்டு ஓடலாம். நம்மூர் மாவட்டம் மாதிரி கவுன்ட்டிக்கு ஒரு டீம், லீகில் நாலு டிவிஷன். நன்றாக ஆடினால் புரமோஷன். சொதப்பினால் கீழ் டிவிஷன். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 'இந்த வருஷம் நம்ம கவுன்ட்டி மேலே ஏறுமா?' என்று ராத்திரி பூரா கத்துகிற ரசிகர்களுக்கும் கிடையாது. ஆனால் தொண்டை கட்டுவது ரசிகர்களுக்குத்தான்!

பழவேற்காட்டில் உட்கார்ந்து அயர்லாந்துக் கதை எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இந்த டீக்கடை நிற்கிற ஊர், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் முதல் டிவிஷன் டீம். சும்மா இல்லை, முக்கால் நூற்றாண்டு டேபிள் டாப்பர். அது மேலே ஏறியபோது மெட்ராஸ் என்கிற டீமுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை!

முதலில் கிளப் நிர்வாகத்தைப் பார்த்துவிடுவோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆரம்பித்த வருஷம் 1602. மேலே பதினேழு பேர் கொண்ட போர்டு. 'பதினேழு கனவான்கள்' என்றே அதற்குப் பெயர். இவர்கள் ஹாலந்தில் சூடாக உட்கார்ந்துகொண்டு, ஒருநாளும் கண்ணால் பார்க்காத சோழமண்டலக் கரையில் யார் ஃபார்மில் இருக்கிறார்கள், யாரை டிராப் பண்ணலாம் என்று விவாதிப்பார்கள். முடிவைக் கடிதமாக எழுதிக் கப்பலில் அனுப்புவார்கள். அது ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து சேர மாதக்கணக்காகும். 'உடனே சுதாரித்து ஆடவும்' என்ற கடிதம் வரும்போது, ஆட்டம் முடிந்து அடுத்த சீஸனே பாதி போயிருக்கும்!

1610-ல் டச்சு டீம் பழவேற்காட்டில் வந்து இறங்கியது. விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு முறையாகத்தான் வந்தார்கள். பிரச்சினை என்னவென்றால், தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர்கள் ஏற்கெனவே சீனியர் டீமாக உட்கார்ந்திருந்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷமாக இந்தக் கடலே தங்கள் ஹோம் கிரவுண்ட் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள். புதுப்பையன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் தெருவில் என்ன நடக்கும்? அதேதான் நடந்தது. 1612 ஜூனில் வந்து டச்சுப் பண்டகசாலையைத் துவம்சம் பண்ணிவிட்டுப் போனார்கள். ரெட் கார்டு காட்டியிருக்க வேண்டிய ஃபவுல். ஆனால் கிரவுண்ட் இருந்தது கடற்கரையில். ரெஃபரியான அரசர் இருந்தது வேலூர்க் கோட்டையில்!

அடி வாங்கிய டீம் சுவர் எழுப்பும். பழவேற்காடு அப்போது வேங்கடபதியின் ராணி ஒருவரின் பொறுப்பில் இருந்தது. அந்த அம்மாள் தொடங்கி வைத்த கோட்டை வேலையை டச்சுக்காரர்கள் முடித்தார்கள். முடித்த கையோடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். 1613-ல் கோட்டை ரெடி. அப்போதைய டச்சுத் தலைவர் வெம்மர் வான் பெர்ஹெம், கோட்டைக்கு ஒரு பெயர் வைத்தார்: ஜெல்டிரியா. அவருடைய சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. திருநெல்வேலிக்காரர் திருவல்லிக்கேணியில் மெஸ் வைத்தால் 'நெல்லை மெஸ்' என்றுதானே போர்டு மாட்டுவார்? இதுவும் அதுதான், கூடவே பீரங்கி!

அடுத்த சில ஆண்டுகளில் புரமோஷன். சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையகம் பழவேற்காடு. இந்த ஃபார்முக்கு ரகசியம் வீரமோ வியூகமோ இல்லை, துணி. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வைத்திருந்தவர்கள் ஐரோப்பியச் சரக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சோழமண்டலத் துணி இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். ஆகவே நம்மூர் நெசவாளி தறியில் உட்கார்ந்தால்தான் ஆம்ஸ்டர்டாம் வீட்டுச் சூப்பில் மிளகு விழும். உலக வர்த்தகச் சாம்ராஜ்யம் என்று புத்தகங்கள் எழுதுகின்றனவே, அதை இடுப்பில் நிறுத்தியது ஒரு லுங்கி முடிச்சு!

நம்பிக்கை வரவில்லையா? மலேசியாவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஆண்கள் வீட்டில் கட்டுகிற கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்றால் வேறொன்றுமில்லை, வெள்ளைக்காரன் வாயில் 'புலிகாட்' ஆன நம்ம பழவேற்காடுதான். கோட்டை போய், கம்பெனி போய், ராணி, அரசர், கவர்னர் எல்லாரும் போன பிறகும், ஊர்ப் பெயரை நானூறு வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கைலி!

வெடிமருந்தும் இங்கே தயாராகிக் கப்பல் ஏறியது. மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்ச காலங்களில், ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் விலைபோனவர்களை அடிமைகளாக, கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டாவியாவுக்கு அனுப்பிய துறைமுகம் இது. இந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை. பழைய டீமின் பெருமை பாடுகிற எந்த ரசிகரும் இந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவார், அதனால் சொல்லி வைக்கிறேன்.

இப்போது கதையில் இங்கிலீஷ்காரர்கள் வருகிறார்கள். எப்படி? கெஸ்ட் பிளேயராக! ஐரோப்பாவில் இரண்டு கம்பெனிகளும் 1619-ல் ஓர் ஒப்பந்தம் போட்டன: இனி நாம் பங்காளிகள், சேர்ந்து ஆடுவோம். அதை நம்பி 1621-ல் இங்கிலீஷ்காரர்கள் மூட்டை முடிச்சோடு பழவேற்காட்டுக்கு வந்தார்கள். டச்சுக்காரர்கள் முகம் மலர வரவேற்று, கோட்டைச் செலவில் பங்கைக் கேட்டார்கள். பேட்டிங் மட்டும் கொடுக்கவில்லை. வாடகைப் பங்கு கொடுத்தும் பாத்ரூம் சாவி கிடைக்காத பேச்சலர் ரூம் மாதிரி ஒரு வாழ்க்கை. 1623-ல் இங்கிலீஷ்காரர்கள் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்!

கிளம்பியவர்கள் 1626-ல் வடக்கே ஆர்மகான் என்ற இடத்தில் கடை போட்டார்கள். அது போணியாகவில்லை. பிரான்சிஸ் டே என்ற அதிகாரி தெற்கே இடம் தேடிப் புறப்பட்டார். சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்ததாகவும், அடிக்கடி போய்வர வசதியாகப் பக்கத்திலேயே இடம் பார்த்ததாகவும் ஒரு கிசுகிசு அந்தக் காலத்திலிருந்தே உண்டு. உண்மையோ பொய்யோ, ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு தேடும் ஜனங்களுக்கு நடுவே, வேறு காரணத்துக்காக ஆபீசையே நகர்த்தினார் என்று பெயரெடுத்தவர் டே ஒருவர்தான்!

1639 ஆகஸ்டில் மதராசபட்டினத்துக்கு அனுமதிச் சாசனம் கிடைத்தது. கொடுத்தவர்கள் அந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர்கள். ஏன் கொடுத்தார்கள் தெரியுமா? அந்தக் குடும்பத்து அங்கபூபாலர் எழுதிய 'உஷாபரிணயம்' என்ற தெலுங்கு நூலிலேயே காரணம் இருக்கிறது. வடக்கே பழவேற்காட்டு டச்சுக்காரர்கள், தெற்கே சாந்தோம் போர்த்துகீசியர்கள்; இரண்டு கோஷ்டியும் ஓயாமல் அடித்துக்கொண்டன. நடுவில் ஓர் ஊரை உண்டாக்கினால் சண்டை ஓயும் என்று அந்த நாயக்கர்களில் ஒருவரான அய்யப்ப நாயக்கர் நினைத்தார். அவருடைய அப்பா சென்னப்பர் பெயரில் சென்னபட்டினம் எழுந்தது. ஆக, சிங்காரச் சென்னை பிறந்ததே இரண்டு ரவுடி டீமுக்கு நடுவில் நின்று விசில் ஊதத்தான். விசில் போடும் பழக்கம் இன்றுவரை போகவில்லை!

டேபிள் டாப்பர் டச்சுக்காரர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? "மெட்ராஸா? அது இப்ப வந்த டீம், ரெண்டு சீஸன் தாங்காது" என்கிற மிதப்பு. ஃபார்மில் இருக்கும் டீமுக்கு எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான், கண்ணாடிதான் தெரியும். அந்தக் கண்ணாடியில் 1663-ல் ஒரு முகம் தெரிந்தது. கொர்னேலிஸ் ஸ்பீல்மன், புது கவர்னர்.

ஸ்பீல்மன் திறமைசாலி. கம்பெனி ஊழியர் யாரும் சொந்த வியாபாரம் செய்யக்கூடாது என்பது சட்டம். எல்லாரும் செய்வது வழக்கம். பக்கத்திலேயே கோல்கொண்டா வைரம். கவர்னர் ஒரு வைரம் வாங்கினார். மாட்டிக்கொண்டதும் அவர் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம் இதுதான்: 'மனைவிக்காக வாங்கினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் விற்றுவிட்டேன்.' அவ்வளவுதானாம், வியாபாரமே இல்லையாம். வைரம் பிடிக்கவில்லை என்று சொன்ன மனைவி! பதினேழு கனவான்களில் ஒருவருக்காவது கல்யாணம் ஆகியிருந்தால் இதை நம்புவாரா? பதினைந்து மாதம் சஸ்பென்ஷன், 3,000 கில்டர் அபராதம்.

அத்தோடு ஸ்பீல்மன் கதை முடிந்தது என்று ரசிகர்கள் எழுதி வைத்திருப்பார்கள். ஆள் 1666-ல் படையோடு மக்காசார் போனார், அடுத்த வருஷம் அந்த ஊர் சுல்தானைப் பணிய வைத்து உடன்படிக்கை எழுதி வாங்கினார். 1681-ல் பட்டாவியாவில் கவர்னர் ஜெனரல், அதாவது ஆசியா முழுவதற்கும் கேப்டன்! ஃபார்ம் போகும் வரும், கிளாஸ் நிரந்தரம் என்பார்களே, அதற்கு நடமாடும் உதாரணம். அப்புறம் 1684-ல் கண்ணை மூடினார். மூடிய பிறகு கணக்கைத் திறந்தார்கள், மறுபடியும் முறைகேடு!

தனிமனிதர்கள் புரமோஷனில் போய்க்கொண்டே இருந்தார்கள். டீம்தான் கீழே போய்க்கொண்டிருந்தது. 1687-ல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை விழுங்கினார். வடக்கே எங்கு பார்த்தாலும் போர், பஞ்சம். நெசவு படுத்துவிட்டது. 1690-ல் கம்பெனி அந்த முடிவை எடுத்தது: தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாற்றம். பழவேற்காடு, ரெலகேட்டட்!

நாகப்பட்டினத்தில் ஒரு பிரம்மாண்டமான கோட்டை கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஃபைஃப் சின்னன்', ஐம்புலன்கள் என்று அர்த்தம். கண், காது, மூக்கு எல்லாம் வைத்துத்தான் கட்டினார்கள். செலவைப் பார்த்தால், ஆறாவது அறிவை பிளானில் சேர்க்க மறந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அன்றைக்குப் பழவேற்காட்டில் டீக்கடை இருந்திருந்தால் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன? "இது டெம்ப்ரவரிண்ணா. கிரவுண்டு நம்மளுது, பிட்ச் நம்மளுது. நாகப்பட்டினத்துக்காரன் எத்தினி நாள் தாங்குவான்?"

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ரசிகர் ஜெயித்தார்! தொண்ணூறு வருஷம் கழித்து. 1781-ல் இங்கிலீஷ்காரர்கள் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள், பழவேற்காட்டையும் பிடித்தார்கள். சமாதானம் ஆனபோது நாகப்பட்டினத்தை வைத்துக்கொண்டு பழவேற்காட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். டச்சுக்காரர்களுக்குத் தலைமையகமாக வேறு நாதியில்லை. பழவேற்காடு மறுபடி முதல் டிவிஷன். ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல், மேலே இருந்த டீம் காணாமல் போனதால் கிடைத்த புரமோஷன்!

அதற்குப் பிறகு நடந்தது லீக் இல்லை, சீசா விளையாட்டு. 1795-ல் இங்கிலீஷ்காரர்கள் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். தங்கள் கையில் இருந்தபோதே ஜெல்டிரியா கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1818-ல் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, 'இந்தாப்பா உங்க ஹோம் கிரவுண்ட்' என்று சாவியைக் கொடுப்பது மாதிரி! சாவியை வாங்கிக்கொண்டு வந்தார்கள் பாருங்கள், அவர்கள்தான் ரசிகர்கள்.

1824-ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம். இப்போதைய பாஷையில் டிரான்ஸ்ஃபர் விண்டோ. டச்சுக்காரர்கள் இந்தியாவில் மிச்சமிருந்த இடங்களையும் மலாக்காவையும் கொடுத்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் சுமத்ராவில் இருந்த பென்கூலனைக் கொடுத்தார்கள். 1825-ல் பழவேற்காடு கைமாறியது. ஒருகாலத்தில் எந்த ஊரின் கோட்டை வாசலில் இங்கிலீஷ்காரன் வாடகைக்கு நின்றானோ, அந்த ஊர் இப்போது அவன் மெட்ராசுக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குக்கிராமம்.

பழைய டீமில் இன்று யார் பாக்கி? டச்சுக் கல்லறையில் படுத்திருப்பவர்கள்தான். தொல்லியல் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. சாவின் நினைவூட்டல் என்று அறிஞர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ, 'அடுத்த சீஸன் நம்மளுது' என்று காத்துக் காத்து இப்படி ஆன இரண்டு ரசிகர்கள் என்றுதான் படுகிறது!

சரி, கோட்டைக்குப் பெயர் கொடுத்த கெல்டர்லாந்து எப்படி இருக்கிறது? அந்த மாகாணத் தலைநகர் ஆர்னெமில் வீடெஸ்ஸ என்று ஒரு ஃபுட்பால் கிளப் உண்டு, 1892-ல் தொடங்கியது. 1989-லிருந்து டச்சு முதல் டிவிஷனில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2024-ல் வரவுசெலவு, உரிமை விவகாரங்களில் விதிமீறல் என்று 18 புள்ளிகளைக் கழித்து இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிட்டார்கள். ஸ்பீல்மன் வைரக் கணக்கில் மாட்டி முந்நூற்று ஐம்பது சொச்சம் வருஷம் ஆகிறது. ரத்தத்தில் இருக்கிறது ஐயா, கணக்கு உதைப்பது!

பழவேற்காட்டுக்குப் புரமோஷன் வாய்ப்பே இல்லையா என்றால், பக்கத்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. 1979-ல் முதல் எஸ்.எல்.வி.-3 கிளம்பிக் கடலில் விழுந்தது. 1980-ல் மறுபடி கிளம்பி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. ஒரே வருஷத்தில் இப்படி மேலே ஏறிய டீம் இந்தக் கரையில் வேறெதுவும் இல்லை. ராக்கெட் ஏறுகிற நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். ஊரான் புரமோஷனுக்கு நம்ம ஆளுக்கு லீவு, சம்பளமில்லாத லீவு!

இத்தனை டீமும் ஏறி இறங்கும்போது ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் ஒரு லீக் நடத்தினார்கள். இன்றும் நடத்துகிறார்கள். அதற்குப் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்களுக்குள் இந்த வழக்கம். ஏரியில் நல்ல இடமும் உண்டு, சுமார் இடமும் உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை போட்டு, குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். இன்று முகத்துவாரத்துப் பக்கம் நல்ல பாடு கிடைத்தவருக்கு நாளை வேறிடம். எப்போதும் முதலிடம் யாருக்கும் இல்லை, எப்போதும் கடைசியிடமும் யாருக்கும் இல்லை. ஐரோப்பாவில் பதினேழு கனவான்கள் போர்டில்கூட அந்தப் பதினேழாவது நாற்காலியை மட்டும் ஆம்ஸ்டர்டாம் அல்லாத ஊர்களுக்குச் சுழற்சி முறையில் கொடுத்தார்கள். மிச்சம் பதினாறையும் அப்படிச் சுற்றவிட யாருக்கும் தோன்றவில்லை.

உடனே கண்ணீர் மல்கிவிடாதீர்கள். பாடும் ஐ.பி.எல். மாதிரி மூடிய லீக்தான். பரம்பரை உரிமை பட்டினவர் சமூகத்து மீனவர்களுக்கு. பெண்களுக்கு இடமில்லை. ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்றவர்கள் வெளியே நின்று பார்க்க வேண்டும். சிலர் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, தகராறு ஸ்டேஷன் வரை போகும். அப்பழுக்கில்லாத லீக் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. ஆனால் ஒன்று: போர்த்துகீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் மூவரும் போட்ட பாயிண்ட்ஸ் டேபிள் இன்று மியூசியத்தில் இருக்கிறது. பாடு முறை படகில் இருக்கிறது.

ஆகவே உங்கள் டீம் அடுத்த முறையும் கடைசியில் வந்தால், டி.வி.யை உடைக்காதீர்கள். பழவேற்காட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஜெல்டிரியா கோட்டை எங்கே என்று கேட்டால் ஒரு மண்மேட்டைக் காட்டுவார்கள். கோட்டைக்குப்பம் எங்கே என்று கேட்டால், மீன் விலையும் சேர்த்துச் சொல்வார்கள். பொன்னேரியிலிருந்து பஸ் இருக்கிறது.